ஐந்தாவது கதவு

— அழிச்சிட்டியா?

— ஆமா. என் போன்ல உங்க லிஃப்ட் படம் எதுக்கு? நானூத்திப் பன்னிரண்டு கோப்பு. எண்ணிப் பாத்துத்தான் அழிச்சேன். கம்பி, கப்பி, பல்சக்கரம்! பொண்டாட்டி போன்ல இருக்கவேண்டிய படமா அதெல்லாம்?

— உன் போன்லேருந்து மட்டும் தானே அழிச்சே?

— என் போன்லேருந்து மட்டும் தான். உங்க போன் உங்க கையில இருக்கு. நான் தொடவே இல்லை.

— அப்போ என் போன்ல ஏன் காணோம்?

— எது காணோம்?

— படம். ஒண்ணுகூட இல்லை. 'இந்தக் கோப்புறை காலியாக உள்ளது'ங்குது.

— லேப்டாப்ல பாருங்க.

— லேப்டாப்லயும் காலி. அம்மணி, அது பதினாறு வருஷ வேலை. எந்தக் கட்டடத்துல எந்தக் கம்பியை எப்போ மாத்தினேங்கறது அதுல தான் இருக்கு.

— என்னைப் பாத்து ஏன் கத்துறீங்க? என் அலமாரியை நான் துடைச்சா உங்க அலமாரி எப்படிக் காலியாகும்?

— கத்தலை. இரு, சொல்றேன். இது லிஃப்ட் மாதிரி. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதவு இருக்கு. ஆனா உள்ள வர்ற கேபின் ஒண்ணே ஒண்ணு. உன் போன் ஒரு கதவு, என் போன் ஒரு கதவு, லேப்டாப் ஒரு கதவு. நீ மூணாவது மாடியில கதவைத் திறந்து, கேபின்ல இருந்த மூட்டையைத் தூக்கி வெளிய போட்டுட்டே. கீழ்த்தளத்துல நான் கதவைத் திறந்தா மூட்டை இருக்குமா?

— அப்புறம் எதுக்கு இதுக்கு நாலு இடத்துல சேமிப்புன்னு பேர்? எங்க ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல ஒரு நோயாளிக்கு மூணு பிரதி இருந்தா, மூணும் மூணு தான். ஒண்ணைக் கிழிச்சா மத்த ரெண்டும் தானாக் கிழியாது.

— அது பேப்பர்.

— அது ஒழுங்கு.

— சரி, ஒழுங்கு. இப்போ குப்பைத்தொட்டியைத் திற.

— சமையல்கட்டுலயா?

— போன்ல! அழிச்சதெல்லாம் முப்பது நாள் அங்க கிடக்கும். மேல மூணு கோடு தெரியுதா? அதைத் தொடு.

— தொட்டேன். 'இது நீங்கள்தானா என்பதை உறுதிசெய்ய ஒரு குறியீடு அனுப்பியுள்ளோம்'னு வருது. எனக்கு ஒண்ணும் வரலையே.

— எனக்கு வந்திருக்கு. கணக்கை என் நம்பர்ல தானே ஆரம்பிச்சோம். ஏழு, சைபர், நாலு...

— மெதுவா.

— நாலு, மறுபடியும் நாலு, ஒம்பது, ரெண்டு.

— நான் தானான்னு தெரிஞ்சுக்க உங்ககிட்ட எதுக்குக் கேக்குது?

— நாம பிரியறது அதுக்குத் தெரியாதே.

— இதுக்குத் தான் கோப்பெல்லாம் தனியாச் சேமிச்சு வைக்கிற இந்த வெள்ளைப் பெட்டியை வாங்கினேன். என் குப்பையைத் திறக்க உங்க அனுமதி கேக்கவேண்டிய நிலைமை எனக்கு வேண்டாம். புதன்கிழமை சாமான் ஏத்த வண்டி வருது. அதுக்குள்ள என் கோப்பு, என் காலண்டர், என் போன், எல்லாம் இந்தப் பெட்டியோட சேர்ந்தாகணும். புது வீட்டுல கம்பியைச் சொருகினா ஓடணும். அதுக்கு மேல உங்களைக் கூப்பிட மாட்டேன்.

— கூப்பிட்டா வரமாட்டேன்னா சொன்னேன்?

— அந்தப் பேச்சு இப்போ வேண்டாம். 'அனைத்தையும் மீட்டெடு'ன்னு இருக்கு. தொடட்டுமா?

— தொடு. வருது... வருது... வந்திருச்சு! அப்பாடா, என் பல்சக்கரம் எல்லாம் வந்திருச்சு.

— நானூத்திப் பதிமூணு.

— என்னது?

— நான் அழிச்சது நானூத்திப் பன்னிரண்டு. திரும்பி வந்தது நானூத்திப் பதிமூணு. ஒண்ணு அதிகம்.

— கூட வந்தா நல்லது தானே? குறைஞ்சா தானே கவலைப்படணும்?

— குறைஞ்சா தேடலாம். கூட வந்தா யாருதுன்னு கேக்கணும். இதோ, கடைசியில இருக்கு. 'தலைப்பில்லாத குறிப்பு.' பன்னிரண்டு நாள் முன்னாடி அழிச்சிருக்கு. உங்களுதா?

— நான் குறிப்பு எழுதற ஆளா? உன்னுதா இருக்கும்.

— தலைப்பு இல்லாம நான் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதினது இல்லை.

— அப்போ திறந்து பாரேன்.

— வேண்டாம். என்னைப் பத்தி வக்கீலுக்கு ஏதாவது எழுதிப் பாத்து அழிச்சிருப்பீங்க. அதைப் படிச்சிட்டு இதே மேசையில உங்ககூட உக்காந்து என்னால வேலை பாக்க முடியாது. ஓரமா இருக்கட்டும்.

— நான் எழுதலைங்கறேன்.

— இருக்கட்டும்னேன். மணி அஞ்சாச்சு. அடுத்தது என்ன? கோப்புறை. 'ஆஸ்பத்திரி' எனக்கு. 'லிஃப்ட்' உங்களுக்கு. 'வீட்டுப் பத்திரம்' ரெண்டு பேருக்கும் பிரதி. 'மகள்.'

— ம்.

— என்ன ம்?

— அது யாருக்கு?

— பிரதி எடுத்துக்கலாம். ரெண்டாயிரத்து நூத்தி எட்டு படம் உங்களுக்கு, ரெண்டாயிரத்து நூத்தி எட்டு எனக்கு. இதையாவது பாதியா வெட்டவேண்டாம்.

— முதல் பல் விழுந்த படம் அதுல இருக்கா?

— இருக்கு. தலைகீழா சேமிச்சிருந்தீங்க, நான் தான் நேராக்கி வச்சேன்.

— சரி, போகுது. சுத்துது. டீ ஆறிப்போச்சு, குடி.

— மேசையில கோப்பை வச்ச இடத்துல வட்டம் விழுந்திருக்கு பாருங்க.

— மேசை இனிமே என்னுது தானே? வட்டத்தை நான் பாத்துக்கறேன்.

— காலண்டரைத் திறங்க.

— அதை எப்படி ரெண்டாப் பிரிக்கிறது?

— பச்சை எல்லாம் நான் எழுதினது. நீலம் எல்லாம் நீங்க எழுதினது. பச்சையை மட்டும் வெள்ளைப் பெட்டிக்கு அனுப்புங்க. இதுல குழம்பறதுக்கு என்ன இருக்கு?

— குழம்பலை. அனுப்பிட்டேன். பாரு, பெட்டியில வந்திருச்சு. செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி, 'மகளிடம் சொல்லுதல்.'

— ஒரு மணியா? நான் எழுதினது சாயந்தரம் நாலு மணி. ஒரு மணிக்கு அவ பஸ்லேருந்து இறங்கியே இருக்கமாட்டா.

— பெட்டியில நேரம் தப்பா அமைஞ்சிருக்கு போல. மூணு மணி நேரம் பின்னாடி இருக்கு. இரு, திருத்தறேன்... அட.

— இப்போ என்ன?

— நாலும் இருக்கு, ஒண்ணும் இருக்கு. பெட்டி திருப்பி இங்க அனுப்பிருச்சு. என் போன்லயும் ரெண்டு, உன் போன்லயும் ரெண்டு. செவ்வாய்க்கிழமை அவகிட்ட ரெண்டு தடவை சொல்லப் போறோம்.

— ஒரு தடவை சொல்றதுக்கே மூணு மாசமா வாய் வரலை.

— வாய் வராம இல்லை. பரீட்சை முடியட்டும்னு காத்திருக்கோம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோமே.

— சேர்ந்து முடிவு பண்ணினது அது ஒண்ணு தான். காலேஜ்ல கடைசி வருஷம். நடுவுல சொன்னா அவ படிப்பு கெட்டுப்போகும். அவ காதுல ஒரு வார்த்தை விழக்கூடாதுன்னு தான் நான் இந்தப் பாடு படறேன். மார்ச்ல முடியவேண்டிய பரீட்சை. வாத்தியாருங்க வேலை நிறுத்தம்னு ஏப்ரலுக்குப் போச்சு. கேள்வித்தாள் வெளிய வந்திருச்சுன்னு ஜூனுக்குப் போச்சு. புது வீட்டு ஓனருக்கு ரெண்டு தடவை போன் பண்ணி, இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்னு சொல்லி என் மானமே போச்சு.

— திங்கக்கிழமை கடைசிப் பேப்பர். செவ்வாய்க்கிழமை ஹாஸ்டல்லேருந்து வந்திருவா. அவ்வளவு தானே.

— அது வரைக்கும் நீங்க போன்ல பேசும்போது குரலைப் பாத்துக்குங்க. உங்க குரல் எல்லாத்தையும் காட்டிக்கொடுத்துரும்.

— அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நாமளே வாயைத் திறந்து பேசிக்கிறது இல்லை. அவ காதுல எப்படி விழும்? ஒரு வருஷமா காலண்டர்ல தானே குடும்பம் நடத்தறோம். 'ஏழு முதல் ஏழேகால் வரை, மோட்டார் ஸ்விட்சை நீங்கள் அணைக்கவும்.' சமையல்கட்டுலேருந்து ஒரு குரல் கொடுத்திருந்தா அணைச்சிருப்பேன்.

— குரல் கொடுத்தா நீங்க ஒண்ணு சொல்வீங்க. அதுக்கு நான் ஒண்ணு சொல்வேன். எழுதினா ஏழேகாலோட முடிஞ்சிரும்.

— அதுவும் சரி தான்.

— நகருங்க, நான் வரிசையாப் பாக்கறேன். பச்சை, பச்சை, நீலம், பச்சை... இந்த ஆரஞ்சு எல்லாம் எந்தப் பக்கம் சேரும்?

— உன் பக்கம்.

— என் பக்கமா? ஆரஞ்சு நீங்க எழுதினது.

— என்னுது நீலம். நீ கோபமா எழுதினா ஆரஞ்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

— கோபத்துக்கு நிறம் மாத்திக்கிட்டு உக்காந்திருப்பேனா? நீங்க நிறத்தைத் தேர்ந்தெடுக்காம அவசரத்துல எழுதினா இப்படி ஆகும்னு நான் நினைச்சேன். எதையும் முறையாச் செய்யற பழக்கம் உங்களுக்கு எங்க இருக்கு?

— சரி, சரி. ஒண்ணு படி.

— நவம்பர் ஒம்பது. 'ரத்த அழுத்த மாத்திரை இரண்டுதான் மிச்சம்.' இது நீங்க உங்களுக்கே எழுதிக்கிட்டது.

— இல்லையே. அன்னிக்கு அதைப் பாத்துட்டு டப்பாவைத் திறந்தேன். ரெண்டே ரெண்டு தான் இருந்தது. இன்னும் என் டப்பாவை எண்ணிக்கிட்டு இருக்காளேன்னு நினைச்சேன்.

— நான் எண்ணலை.

— எண்ணலையா?

— உங்க டப்பாவைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு.

— அடுத்தது படி.

— டிசம்பர் மூணு. 'மழை வரும். ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்குக் குடை எடுத்துட்டு வரணும்.'

— நீ எழுதியிருந்தே. வந்தேன்.

— நான் எழுதலை. நீங்களா வந்தீங்கன்னு நினைச்சேன். ஒரே குடையில பாதி நனைஞ்சுக்கிட்டே நடந்தோம். ஏன் வந்தீங்கன்னு நான் கேக்கலை.

— நானும் ஏன் கூப்பிட்டேன்னு கேக்கலை.

— இதைப் பாருங்க. ஜனவரி இருபத்திரண்டு. 'முழங்கால் பட்டை. நடுத்தர அளவு. பெரிய அளவு கழன்று விழும்.'

— அதைப் பாத்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் பெரிய அளவைத் தான் குடுத்தார். இல்லைங்க, நடுத்தரம் தான், வீட்டுல எழுதியிருக்காங்கன்னு சண்டை போட்டு வாங்கினேன்.

— நான் உங்ககிட்ட எழுதிக் கேட்டேன்னா?

— ஆமா.

— ஆஸ்பத்திரிப் படியில விழுந்த அன்னிக்குப் பதினோரு தடவை போன் பண்ணினேன். நீங்க லிஃப்ட் குழிக்குள்ள இருந்தீங்க. அது தப்பு இல்லை. சாயந்தரம் வந்து, 'பதினோரு தடவை கூப்பிடணுமா?'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எதையும் கேட்டது கிடையாது. எழுதியும் கேட்டது கிடையாது. அந்தப் பட்டையை நீங்களா நினைச்சு வாங்கிட்டு வந்தீங்கன்னு நம்பினேன். சொல்லத் தெரியாம இப்படிச் சொல்றாருன்னு நினைச்சேன். புது வீட்டுக்குப் போற அட்டைப்பெட்டியில முதல்ல அதைத் தான் வச்சேன்.

— நீ கேட்டுட்டேன்னு நினைச்சேன். மனசு இறங்கி ஒண்ணு கேட்டுட்டாளேன்னு. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை, அவ்வளவு சந்தோஷம்.

— நீங்களும் எழுதலை. நானும் எழுதலை.

— கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. அப்போ யாரு?

— இந்தக் கணக்கு எத்தனை சாதனத்துல திறந்திருக்குன்னு பாக்க முடியுமா?

— அமைப்புகளுக்குள்ள போனா காட்டும். இதோ. ஐந்து சாதனங்கள்.

— எண்ணுங்க. என் போன் ஒண்ணு. உங்க போன் ரெண்டு. லேப்டாப் மூணு. படுக்கையறையில இருக்கிற பழைய கம்ப்யூட்டர் நாலு.

— வெள்ளைப் பெட்டி?

— அது தனியா கீழ காட்டுது. இங்க அஞ்சாவது ஒண்ணு இருக்கு. 'பெயரில்லாத சாதனம். கடைசியாக இணைந்தது: மூன்று நிமிடங்களுக்கு முன்.'

— மூணு நிமிஷமா? அப்போ இப்போகூட நம்மளைப் பாத்துக்கிட்டு இருக்கான்!

— யாரு?

— யாரோ ஒரு திருடன். கணக்குக்குள்ள பூந்துட்டான்.

— திருடன் எதுக்கு என் முழங்கால் அளவை எழுதறான்?

— அது தான் தலையும் புரியலை, வாலும் புரியலை.

— உங்க தம்பியா இருக்கும். போன தடவை வந்தப்போ லேப்டாப்பை எடுத்து ஏதோ தட்டிக்கிட்டு இருந்தார்.

— என் தம்பிக்கு என் வயசே சரியாத் தெரியாது. என் மாத்திரைக் கணக்கு எங்க தெரியப்போகுது?

— யாரா இருந்தாலும் சரி. 'இந்தச் சாதனத்தை நீக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கு. 'அதிலுள்ள கோப்புகள் அனைத்தும் அழிக்கப்படும்.' அழியட்டும். நீக்கறேன்.

— இரு!

— எதுக்கு?

— இப்போ தானே என் பதினாறு வருஷத்தை ஒரு விரலால காலி பண்ணினே. விரலைக் கொஞ்சம் மேல தூக்கு. எந்த ஊர்லேருந்து இணையுதுன்னு கீழ இருக்கும், அதைத் தொட்டுப் பாரு.

— தொட்டேன்... ஏங்க.

— என்ன?

— இது பொண்ணு படிக்கிற ஊர். உங்க முகம் ஏன் இப்படி வெளுக்குது?

— ஓரத்துல விரிசல் விழுந்த டேப்லெட் ஒண்ணு இருந்ததே, ஞாபகம் இருக்கா?

— அதைப் பழைய சாமான் கடையில போட்டுட்டேன்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— போடலையா?

— ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது கேட்டா. படம் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா, குடுக்கக்கூடாதுன்னு நீ சொல்லிட்டே. பஸ் ஏத்திவிடும்போது மெதுவா அவ பையில வச்சிட்டேன்.

— மூணு வருஷம்.

— மூணு வருஷம். கணக்கை அதுலேருந்து எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. பாரேன், அஞ்சாவது கதவு. நான் பூட்டாம விட்ட கதவு. லிஃப்ட் வேலை பாக்கறவன் செய்யற தப்பா இது?

— நீங்க ஒருத்தர் தான் செய்வீங்க.

— திட்டு. ஆனா கொஞ்சம் மெதுவாத் திட்டு.

— அப்போ எல்லாத்தையும் படிச்சிருக்கா.

— எல்லாத்தையுமா?

— 'வக்கீல், பதினோரு மணி.' 'வாடகை வீடு பார்க்க, இரண்டு அறை போதும்.' 'பீரோ யாருக்கு என்று முடிவு செய்யவும்.' எல்லாம் தேதியோட, நேரத்தோட, சுத்தமா எழுதி வச்சிருக்கேன். 'மகளுக்குத் தெரியக்கூடாது'ன்னு மட்டும் மூணு தடவை எழுதியிருக்கேன்.

— அதையும் அவ படிச்சிருப்பா.

— செவ்வாய்க்கிழமை நாலு மணி?

— அதை இன்னிக்கு ரெண்டு தடவை படிச்சிருப்பா. ஒரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கலை. அழுகை வர்ற நேரத்துல என் முகம் இப்படித் தான் போகும், இருபத்துமூணு வருஷமாப் பாக்கறே.

— எல்லாத்தையும் இப்பவே அழிச்சிரலாம்.

— அழிச்சு? அவ படிச்சதை எப்படித் திரும்ப எடுக்கிறது?

— ஒரு வார்த்தை கேக்கலையே அவ. போன் பண்ணினா சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, முழங்கால் எப்படி இருக்கு, அவ்வளவு தான்.

— என்கிட்ட மாத்திரை எத்தனை இருக்குன்னு கேப்பா. நானும் எண்ணிச் சொல்வேன். அடுத்த நாள் ஆரஞ்சுல வரும். உன்னுதுன்னு நினைச்சுப்பேன்.

— இதையெல்லாம் தலையில சுமந்துக்கிட்டு எப்படிப் பரீட்சை எழுதறா? எதுக்காக மூணு மாசம் மூடி மறைச்சோமோ அது தான் நடந்திருக்கு. திங்கக்கிழமை பேப்பரை என்ன பண்ணுவா?

— அம்மணி.

— என்ன?

— அந்த நானூத்திப் பதிமூணு.

— அது என்ன இப்போ?

— நீயும் எழுதலை, நானும் எழுதலை. அஞ்சாவது கதவு வழியா அழிச்சதும் இதே குப்பைத்தொட்டியில தான் விழும். நீ 'அனைத்தையும் மீட்டெடு'ன்னு தொட்டே. அவ போட்டதும் சேர்ந்து எழுந்து வந்திருச்சு.

— திறங்க.

— நீ திறக்கிறியா?

— என் கண்ணாடி உள்ள இருக்கு. நீங்க படிங்க. ஒரு வார்த்தை விடாம.

— வரிசை எண் போட்டு எழுதியிருக்கா. உன் பொண்ணு தான், சந்தேகமே இல்லை.

— படிங்கன்னேன்.

— 'ஒண்ணு. வாத்தியார்கள் வேலை நிறுத்தம். மார்ச். சொல்லியாச்சு. அம்மா நம்பிட்டாங்க.'

— என்ன சொல்லியாச்சு?

— 'ரெண்டு. கேள்வித்தாள் வெளியே வந்துவிட்டது. ஏப்ரல். சொல்லியாச்சு. எந்தப் பேப்பர்ல போட்டிருக்குன்னு அப்பா கேட்டார். சமாளிச்சேன்.'

— எனக்குப் புரியலை. இது என்ன பட்டியல்?

— 'மூணு. பரீட்சை ஹால்ல கூரை ஒழுகுது. ஜூன், சனிக்கிழமை, ஆறு மணி, போன்ல. குரல் சாதாரணமா இருக்கணும்.'

— இன்னிக்கு சனிக்கிழமை.

— 'நாலு. ஹால் டிக்கெட்ல பேர் தப்பு. ஜூலைக்கு வச்சுக்கலாம். அஞ்சு. வெள்ளம். அதுக்கு மழைக்காலம் வரணும். ஆறு. யோசிக்கணும்.'

— தலை சுத்துது. அப்போ பரீட்சை தான் எப்போ?

— அடியில எழுதியிருக்கா. 'பரீட்சை மார்ச் இருபத்தேழோட முடிஞ்சது. நல்லா எழுதியிருக்கேன். அதை வீட்டுல சொன்னா அடுத்த நாளே வண்டி வந்திரும்.' அவ்வளவு தான். அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லை.

— மூணு மாசமா அங்க என்ன பண்றா? செலவுக்கு என்ன பண்றா?

— ஓரத்துல சின்னதா ஒண்ணு இருக்கு. 'சாயந்தரம் டியூஷன், நாலு பிள்ளைங்க.' சொல்லிக்குடுத்துச் சமாளிக்கிறா போல.

— நானும் இது என்ன காலேஜ், என்ன காலேஜ்னு ஊர் முழுக்கத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

— உன்னை ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே.

— கேளுங்க.

— ரெக்கார்ட் ரூம்ல ஒரு சீட்டு குறைஞ்சா மூணு பிரிவுக்குப் போன் பண்றவ நீ. இன்னிக்கு ஒரு கோப்பு கூட வந்ததுக்கே கணக்குக் கேட்டே. பரீட்சை மூணு மாசம் தள்ளிப்போகுது. காலேஜுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஏன் கேக்கலை?

— நீங்க கேட்டிருக்கலாமே.

— நானும் கேக்கலை.

— ஏன்?

— நீ முதல்ல சொல்லு.

— நீங்க முதல்ல சொல்லுங்க.

— நம்பர்கூட என் போன்ல இருந்தது. ஒரு தடவை எடுத்தேன். அப்புறம், சரி, தள்ளித் தான் போகட்டுமேன்னு வச்சிட்டேன்.

— மணி என்ன?

— அஞ்சு அம்பத்தொம்பது. இப்போ உன் முறை. நீ ஏன் கேக்கலை?

— போன் அடிக்குது.

— அவளா?

— அவ தான். நீங்க ஒண்ணும் உளறக்கூடாது.

— ஸ்பீக்கர்ல போடு. நீ ஒண்ணும் திட்டக்கூடாது.

— எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஹலோ. சொல்லு, கண்ணு.

— அம்மா! சாப்பிட்டீங்களா? முழங்கால் எப்படி இருக்கு? அப்பா எங்கே?

— பக்கத்துல தான் இருக்கார்.

— பக்கத்துலயா? ரெண்டு பேரும் ஒரே மேசையிலயா?

— லேப்டாப்ல ஒரு வேலை. நீ விஷயத்தைச் சொல்லு.

— அம்மா, ஒரு சின்ன விஷயம். திட்டக்கூடாது. எங்க பரீட்சை ஹால் இருக்குல்ல, அதுல கூரை ஒழுகுதும்மா. விடைத்தாள் எல்லாம் நனைஞ்சு போகுதாம். திங்கக்கிழமை பேப்பர் இல்லைன்னுட்டாங்க. மறுபடியும் தள்ளி வச்சிட்டாங்க.

— கூரையா?

— ஆமாம்மா. பெரிய ஓட்டை. நான் என் கண்ணால பாத்தேன். அம்மா? கேக்குதா? அம்மா?

— கேக்குது. எந்தத் தேதிக்குத் தள்ளியிருக்காங்க?

— அது... இன்னும் சொல்லலைம்மா.

— கூரை வேலை லேசுல முடியாதும்மா. நான் எத்தனை கட்டடம் பாத்திருக்கேன். ஓடு மாத்தணும், கம்பி கட்டணும், காயணும். ஆறு மாசமாவது இழுக்கும்.

— அப்பா?

— அப்பா சொல்றது சரி தான். அவசரப்பட்டு அரைகுறையாப் பூசினா மறுபடியும் ஒழுகும். நீ பொறுமையா விசாரிச்சு, நல்லாத் தள்ளி ஒரு தேதி சொல்லு. நான் காலண்டர்ல எழுதிக்கணும்.